இரண்டு வால் ஆழ வீடு

அல்லிக்குளத்தின் கரையில் ஒரு பெரிய இலவமரம் நின்றது. அந்த மரத்தைக் குடைந்து வீடு கட்டி விற்று வந்தது ஒரு மரங்கொத்தி. எல்லோரும் அதை டொக்கன் மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள்.

ஒரு நாள் காலை ஒரு மைனாத் தம்பதி அந்த மரத்தைத் தேடிப் பறந்து வந்தது. ஆண் மைனாவின் பெயர் மஞ்சமூக்கன். பெண் மைனாவின் பெயர் செவ்வந்தி. இன்னும் ஐந்து நாளில் செவ்வந்தி முட்டையிட வேண்டும். போன தடவை கிளைக் கவட்டில் வைக்கோலை வைத்துக் கூடு கட்டினார்கள். கரியன் என்ற காக்கை வந்து மூன்று முட்டைகளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதிலிருந்து செவ்வந்திக்கு ஒரே பயம்.

"இந்தத் தடவை மரத்துக்குள்ளே வீடு வேணுங்க. கரியன் அலகு எட்டக் கூடாது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தது.

"எல்லாம் நான் பார்த்துக்கறேன். பேரம் பேசுறதிலே என்னை மிஞ்ச ஆள் உண்டா? நீ மட்டும் வாயைத் திறக்காதே. வீடு பிடிச்சிருந்தாலும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்க. பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சா விலையை ஏத்திருவான்!"

"உள்ளே எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கிடவா?"

"கேட்டா ஆசைப்படுறோம்னு தெரிஞ்சுபோகும்! மூச்!"

செவ்வந்தி கூச்ச சுபாவம். சரி என்று தலையாட்டி, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது.

மேஸ்திரி அவர்களைப் பார்த்ததும் தலையிலிருந்த மரத்தூளை உதறிவிட்டு வந்தது.

"வாங்க, வாங்க! இதோ பாருங்க, கிழக்குப் பார்த்த வாசல்! காலை வெயில் நேரா உள்ளே வந்து உட்காரும். வாசல் முடிஞ்சிருச்சு. உள்ளே கொத்துறதுதான் பாக்கி. மூணு நாளிலே கொடுத்துருவேன்."

வாசல் அழகாகத்தான் இருந்தது. நிலா மாதிரி வட்டம். ஓரமெல்லாம் வழுவழு. செவ்வந்திக்கு ஆசையாக இருந்தது. ஆனாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டது.

"விலை என்ன?" என்றது மஞ்சமூக்கன்.

"நூறு வெள்ளைப்புழு. மொத்தமா வேண்டாம், தினம் பத்து கொடுத்தாப் போதும். எறும்பையே தின்னு தின்னு என் நாக்கு புளிச்சுப் போச்சு. நீங்க மாட்டுக்குப் பின்னாடி நடந்து பொறுக்குறீங்களே, அந்த மாதிரி கொழுத்த புழு எனக்கு எங்கே கிடைக்குது? அதுக்குத் தகுந்த வீடு சார் இது. நாலு வால் ஆழம்..."

மேஸ்திரிக்கு அளவுகோல் அதன் வால்தான். ஒரு வால், இரண்டு வால் என்றுதான் எதையும் அளக்கும்.

மஞ்சமூக்கன் பேச்சை முடிக்க விடவில்லை. "ஆழம் கிடக்கட்டும்! நூறு புழுவா? மரத்தையே வேரோட கேட்டாலும் அவ்வளவு ஆகாதே!"

"கிளிங்க வேற வந்து பார்த்துட்டுப் போயிருக்கு. இன்னும் மூணு நாளிலே மறுபடி வருதாம்."

"எல்லா மேஸ்திரியும் சொல்ற கிளிதானே அது! என் காது குத்தி ரொம்ப நாளாச்சு!"

"சரி, உங்களுக்காக எழுபத்தஞ்சு" என்றது மேஸ்திரி. மனசுக்குள் ஒரு வாலை வெட்டிவிட்டது.

மஞ்சமூக்கன் செவ்வந்தியைப் பார்த்துக் கண்ணடித்தது. "வா, போகலாம். குளத்துக்கு அந்தப் பக்கம் நாற்பதுக்கே வீடு இருக்காம்!" என்று அடுத்த கிளைக்குப் பறந்தது. செவ்வந்தியும் பின்னால் போனது. குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மரம்கூட இல்லை. வெறும் கோரைப்புல்தான்.

"நில்லுங்க, நில்லுங்க! ஐம்பது! இதுக்கு மேலே கேட்டா நான் அலகைத்தான் விக்கணும்!" என்று கத்தியது மேஸ்திரி. மனசுக்குள் இன்னொரு வாலையும் வெட்டிவிட்டது.

"முடிஞ்சது!" என்றது மஞ்சமூக்கன்.

அன்று குளத்தில் குளிக்கும்போது மஞ்சமூக்கன் தவிட்டுக்குருவிக் கூட்டத்தைக் கூட்டி வைத்துச் சொன்னது. "நூறு சொன்னான்! நான் ஐம்பதிலே முடிச்சேன்! பாதி விலை! ஒரு பறவை இதுவரைக்கும் வாங்கியிருக்குமா?"

"பெரிய ஆளுதான் மாப்ளே!" என்றன குருவிகள்.

மூன்றாம் நாள் வீடு தயார். மஞ்சமூக்கன் வாசலில் நின்று, "போ, செவ்வந்தி! வலது காலை வச்சு உள்ளே போ!" என்றது.

செவ்வந்தி வலது காலை வைத்து நுழைந்தது. தலை போனது. இறக்கை போனது. அதற்குள் சுவர் வந்துவிட்டது. வால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"இன்னும் உள்ளே போயேன்!"

"இவ்வளவுதாங்க உள்ளே!"

சிரமப்பட்டுத் திரும்பி உட்கார்ந்தால், மூக்கு வாசலில் இடித்தது. அப்போதுதான் பக்கத்துக் கிளையில் கரியன் வந்து உட்கார்ந்தது.

"தங்கச்சி! புது வீடா? பால் காய்ச்சியாச்சா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே!" என்று கேட்டுக்கொண்டே அலகை உள்ளே விட்டுச் செவ்வந்தியின் வயிற்றுக்கு அடியில் தடவிப் பார்த்தது. "அடடா! கழுத்தைக்கூட நீட்ட வேண்டியதில்லை. வசதியான வீடு! முட்டை போட்டதும் சொல்லியனுப்பு!"

கரியன் சிரித்துக்கொண்டே பறந்து போனது.

மஞ்சமூக்கன் மேஸ்திரியிடம் பாய்ந்தது. "யோவ் மேஸ்திரி! இது வீடா? பொந்தா?"

"ரெண்டு வால் ஆழம் சார்."

"நாலு வால்னு சொன்னியே!"

"நூறு புழுவுக்குச் சொன்னேன். நீங்கதான் ஆழம் கிடக்கட்டும்னு சொல்லிட்டீங்க. நான் கிடக்க விட்டுட்டேன். நாலு வால் வேணும்னா நூறைக் கொடுங்க."

"நூறா? பாதி விலைக்கு முடிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கேன். இப்போ நூறு கொடுத்தா குருவிங்க சிரிச்சே என்னைக் கொன்னுரும்! ஒரு புழுகூட ஏத்த மாட்டேன்!"

"அப்போ நானும் ஒரு கொத்துகூட கொத்த மாட்டேன்!"

ரெண்டும் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தன.

செவ்வந்தி ரெண்டு முதுகையும் பார்த்தது. இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது. முன்பின் தெரியாதவர்களோடு பேசவே அதற்குக் கூச்சம். ஆனால் வயிற்றுக்குள் முட்டை கனத்தது. மெதுவாக மேஸ்திரியின் பக்கம் நகர்ந்தது.

"அண்ணே..."

"விலையைக் குறைக்கிற பேச்சா இருந்தா வேண்டாம், தாயி!"

"அது இல்லைண்ணே. ஐம்பதுக்கு நாங்க ஒத்துக்கிட்டோம். நீங்களும் ரெண்டு வால் கொத்திட்டீங்க. உங்க பக்கம் தப்பில்லை. நான் இந்த வீட்டிலேயே இருந்துக்கறேன்."

"கேட்டுக்கங்க சார்! நியாயம் தெரிஞ்ச பொண்ணு!"

"ஒரு சந்தேகம் மட்டும்ண்ணே. நாளைக்குக் கிளிங்க வீடு பார்க்க வருதாமே. அது நிஜமா?"

"என் தலைமேல சத்தியமா நிஜம்!"

"அதுங்க வர்ற நேரம் நான் இதே மாதிரிதான் இருப்பேன். தலை உள்ளே, வால் வெளியே. யாரு கட்டின வீடுன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்? எனக்குப் பொய் சொல்ல வராதுண்ணே."

மேஸ்திரியின் சிவப்புக் கொண்டை நட்டுக்கொண்டு நின்றது.

"ஐயய்யோ! வாலைக் காட்டிக்கிட்டு வாசல்லே உட்கார்ந்திருந்தா அப்புறம் எவன் என்கிட்டே வருவான்? வேற எங்கேயாவது போயிரு தாயி!"

"எங்கேண்ணே போவேன்? வீடு வாங்கிட்டோமே!"

மஞ்சமூக்கன் மெல்லத் திரும்பிப் பார்த்தது. இத்தனை நாளாக இந்தச் சாமர்த்தியம் எங்கே ஒளிந்திருந்தது என்று அதற்குத் தெரியவில்லை!

மேஸ்திரி பெருமூச்சு விட்டது. "உன் கஷ்டம் புரியுது. ஆனா சும்மா கொத்த முடியுமா? என் உழைப்புன்னு ஒண்ணு இருக்கில்லே?"

"சும்மா வேண்டாம்ண்ணே. இந்த வேலையிலே உங்களுக்கு எது கஷ்டம்? கொத்துறதா?"

"கொத்துறது என்ன பெரிய விஷயம்? முட்டையிலிருந்து வந்ததே கொத்திக்கிட்டுத்தான். தூளை அள்ளுறதுதான் உயிரை வாங்குது! ஒரு வாய் அள்ளு, வெளியே வா, கொட்டு, மறுபடி உள்ளே போ. பாதி நாள் அதிலேயே போயிருது. தும்மல் வேற!"

"தூளை நாங்க அள்ளிக்கறோம். நீங்க கொத்துறதை மட்டும் பாருங்க. எழுபது புழு."

"எண்பது!"

"எழுபத்தஞ்சு. நாலு வால் ஆழம். நானே உள்ளே இறங்கி அளந்து பார்ப்பேன். நாளைக்குன்னு தள்ளக் கூடாது, இப்பவே தொடங்கணும்."

மேஸ்திரியின் கண்முன்னால் கொழுத்த புழு வந்து நெளிந்தது. "சரி தாயி. நாலு வால்!"

"இருங்க, இருங்க!" என்று நடுவில் வந்தது மஞ்சமூக்கன். "தூளை யாரு அள்ளுறது?"

"முட்டையை நான் சுமக்கிறேனே. தூளை நீங்க சுமக்கக் கூடாதாங்க?" என்றது செவ்வந்தி.

மஞ்சமூக்கன் தூள் அள்ள வாசலுக்குப் போனது.

டொக் டொக் என்று வேலை தொடங்கியது. மேஸ்திரி கொத்தக் கொத்த மஞ்சமூக்கன் அள்ளி அள்ளிக் கொட்டியது. மூக்கெல்லாம் தூள், கண்ணெல்லாம் தூள். பத்து தடவை அள்ளினால் இருபது தடவை தும்மியது.

தவிட்டுக்குருவிகள் கீழே வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. "என்ன மாப்ளே! பாதி விலையைப் புழுவாக் கொடுத்துட்டு, மீதியை முதுகாலே கொடுக்குறியா?"

"போங்கடா! ஹச்சு!" என்றது மஞ்சமூக்கன்.

மறுநாள் கிளிகள் நிஜமாகவே வந்தன. ஆண் கிளி வந்ததும் வராததுமாக, "எவ்வளவு? குறைச்சுச் சொல்லுங்க!" என்று ஆரம்பித்தது. செவ்வந்தி பெண் கிளியின் பக்கத்தில் போய், "அக்கா, மேஸ்திரி நல்லாக் கொத்துறாரு. ஆனா எத்தனை வால் ஆழம்னு முதல்லே பேசிக்கங்க" என்று காதில் சொன்னது. பெண் கிளி பக்கத்துக் கிளையில் நாலு வால் ஆழத்துக்கு வேறொரு வீடு கேட்டது. நூறு புழுவுக்குப் பதில் நூறு கொய்யாப்பழத் துண்டு என்று பேசி முடித்தது. மேஸ்திரிக்கும் சந்தோஷம்தான். ஒரே வாரத்தில் இரண்டு வீடு போனதே!

ஐந்தாம் நாள் பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. செவ்வந்தி உள்ளே இறங்கியது. தலை போனது, உடம்பு போனது, வாலும் போனது. வெளியிலிருந்து பார்த்தால் இருட்டுதான் தெரிந்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டு, அதன் வாலை வைத்தே நாலு தடவை அளந்து பார்த்தது. சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் நிம்மதியாக உட்கார்ந்து முட்டையிட்டது. நீல நிறத்தில் நாலு முட்டைகள்!

மறுநாள் இரை தேட அது வெளியே போன நேரம் பார்த்துக் கரியன் வந்தது. அலகை விட்டது. எட்டவில்லை. தலையை விட்டது. எட்டவில்லை. கழுத்து வரைக்கும் திணித்தது. அப்படியே மாட்டிக்கொண்டு இறக்கையை அடித்தது! மஞ்சமூக்கன் பறந்து வந்து, வெளியே தெரிந்த முதுகில் ஆசை தீரக் கொத்தியது. எப்படியோ தலையைப் பிடுங்கிக்கொண்டு கரியன் ஓடிய ஓட்டம், குளத்துக்கு அந்தப் பக்கம் கோரைப்புல்லில் போய்த்தான் நின்றது.

சாயங்காலம் தவிட்டுக்குருவிகள் வந்து கேட்டன. "ஆமா மாப்ளே, கடைசியிலே வீட்டை எவ்வளவுக்குத்தான் முடிச்சே?"

மஞ்சமூக்கன் வாயைத் திறந்தது. பிறகு பக்கத்தில் இருந்த செவ்வந்தியைப் பார்த்துவிட்டு, "நீயே சொல்லு" என்றது.

செவ்வந்தி வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னது. "நாலு வால் ஆழம்!"

விலையைக் குறைக்கிற அவசரத்தில், அதோடு சேர்ந்து வேறு என்ன குறைகிறது என்று கேட்க மறந்துவிடக் கூடாது.