வாசல் இரண்டு, வீடு ஒன்று

“ஒரு ஃபைலை அழித்தால் அது நிஜமாகவே செத்துப்போகுமாம்மா?” என்று கேட்டார் பேராசிரியர் திருவேங்கடம்.

பல்கலைக்கழகக் கணினி மையத்தைப் பார்த்துக்கொள்ளும் அஞ்சுகம் பொரிகடலை தின்றுகொண்டிருந்தாள். அவர் வயதில் பாதிதான் அவளுக்கு. ஆனாலும் இந்த விஷயத்தில் துறையே அவளிடம்தான் பாடம் கேட்கும்.

“பெயர்ப்பலகையைக் கழற்றினால் வீடு இடிந்துவிடுமா, சார்?”

“எனக்கு வீட்டையே இடிக்கணும். அஸ்திவாரத்தோடு.”

“அதற்கும் கட்டளை இருக்கிறது. உள்ளே இருப்பதன் மேலேயே மூன்று தடவை கண்டதையும் எழுதி மூடிவிடும்.”

சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

“முதலில் ஃபைல் பெயருக்கு முன்னால் ஓர் எண் தெரியும். ஒன்றுக்கு மேல் இருந்தால் கை வைக்காதீர்கள். என்னிடம் வாருங்கள்.”

“எண்ணையெல்லாம் நீயே வைத்துக்கொள்ளம்மா.” போய்விட்டார்.

அவர் அவசரம் அவருக்கு. ஆய்வு மாணவி நாச்சியார் நான்கு வருஷம் உப்பங்கழியில் நண்டு எண்ணி எழுதிய கட்டுரையை அவர் எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டுமாம். திருடினார் என்றால் மரியாதைக் குறைவாம். நாளைக்கு மாநாட்டில் அதைத் தன் பெயரில் வாசிக்கப் போகிறார். அதற்குள் அவளுடையது இல்லாமல் போக வேண்டும்.

நகலெடுக்க, மையத்துக் கணினியில் அவருக்கென்று ஒதுக்கிய இடத்தில் இடமில்லை. முழுக்கப் பாராட்டு விழாப் படங்கள். போன மாத வகுப்பில் அஞ்சுகம் சொன்ன, இடமே பிடிக்காத வழி ஒன்று ஞாபகம் வந்தது: இருக்கிற கோப்புக்கே இன்னொரு பெயர் வைப்பது. மீதி வகுப்புக்கு அவர் இருக்கவில்லை.

‘திருவேங்கடம் கட்டுரை’ என்று வைத்தார். அந்தக் கட்டுரைக்கு அவர் போட்ட உழைப்பு மொத்தமும் அவ்வளவுதான்.

துறையின் பொது வட்டில் இருந்த நாச்சியாரின் கோப்புக்கு முன்னால் இரண்டு என்று தெரிந்தது.

ஒன்றோ இரண்டோ, நமக்கென்ன. சீட்டில் இருந்த கட்டளையைத் தட்டினார்.

மூன்று தடவை எழுதி முடிந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல் இருந்தது அவருக்கு.

பிறகு தன் கட்டுரையைத் திறந்தார்.

தலையிலிருந்து கால்வரை குப்பை.

ஓடி வந்தார். “என்னம்மா இது, நான் தொட்டது வேற ஃபைல். உன் கட்டளை என்னுடையதையும் தின்றுவிட்டது.”

“எண் என்ன சார்?”

“ரெண்டு.”

அஞ்சுகம் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டாள்.

“வாசல்தான் ரெண்டு, சார். வீடு ஒன்று.”

அவர் வாயைத் திறக்குமுன் நாச்சியார் உள்ளே வந்தாள்.

“மேடம், என் கட்டுரை திடீரென்று குப்பையாகிவிட்டது.” அப்புறம்தான் அவரைப் பார்த்தாள். “நீங்களும் இங்கேயா சார்? உங்களுக்கு என்ன தொலைந்தது?”

திருவேங்கடம் மின்விசிறியைப் பார்த்தார்.

“பதறாதே, நாச்சியார். நேற்றைய நகல் வேறு வட்டில் இருக்கிறது.” அஞ்சுகம் ஒரு படிவத்தை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். “மீட்டுத் தருகிறேன். எழுதினவர் யாரோ அவர் கையெழுத்துப் போட்டால் போதும்.”

நாச்சியாரிடம் பேனா இல்லை.

வெகுநேரம் கழித்துப் பேராசிரியர் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“மூடியைத் திறந்து கொடுங்கள், சார்” என்றாள் அஞ்சுகம்.