வெயிலுகந்தாள் வைத்த ரசம்

வெயிலுகந்தாள் வைக்கும் ரசத்தை அவள் வீட்டு நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிப்போய்ப் படுத்துக்கொள்ளும். இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தது வேறு யாருமில்லை, அவளேதான். அந்த ரசம்தான் ஒருநாள் அவள் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

அவள் புருசன் மாடக்கண்ணு பாளையக்காரரின் படையில் போருக்குப் போனவன், திரும்பவில்லை. உடலை ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. போரில் மாண்டவன் வீட்டுக்கென்று அரண்மனை அளந்த அரிசியில்தான் அவளும் மூன்று பிள்ளைகளும் வயிறு கழுவினார்கள். படைக்குத் தலைவராகப் புதிதாக வந்த தளவாய் அதை நிறுத்திவிட்டார்.

"பிணம் எங்கடி? உம் புருசன் பயந்து ஓடியிருப்பான். ஓடலைன்னா நாளைக்குச் சபையில சாட்சி காட்டு" என்று மீசையை முறுக்கினார்.

மறுநாள் அவள் ஒரு சட்டி ரசத்தோடு பாளையக்காரர் முன்னால் போய் நின்றாள்.

"மகாராசா, இதுதான் சாட்சி. நான் வச்ச ரசம். எமனுக்கு ஊத்தினா அவனே எருமையை விட்டுட்டு ஓடுவான். தளவாய் எசமான் பெரிய வீரராச்சே, ஒரு வாய் குடிக்கட்டும்."

"பூ, ரசம்தானே!" என்று தளவாய் மடக்கென்று குடித்தார். கண் பிதுங்கியது. முறுக்கிய மீசை தொங்கியது. சபை முழுக்கப் பார்த்திருக்க, முதுகைக் காட்டிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார்.

வெயிலுகந்தாள் கைகூப்பினாள்.

"கலியாணமான நாள்லேர்ந்து இதைக் குடிச்சுட்டு, 'இன்னும் கொஞ்சம் ஊத்து புள்ள'ன்னு கேட்ட மனுசன், மகாராசா. ஈட்டிக்கா பயந்து ஓடியிருப்பாரு?"

பாளையக்காரர் சட்டியை எட்டிப் பார்த்தார்.

"உன் பிள்ளைகளும் இதைத்தான் குடிக்கிறார்களா?"

"வேற வழி, மகாராசா?"

"அப்படியானால் அவர்களும் வீரர்கள்தான். அரிசியை இரட்டிப்பாக அளந்து போடுங்கள்!"