பின்பக்கம் இரண்டு யானைகள்

சவரிமுத்துவுக்கு ஐம்பத்தோரு வயது. நூல் மில்லை மூடிய பிறகு, அந்த வயதில் போய் வக்கீல் குமாஸ்தா வேலை கற்றுக்கொள்ள வந்த மனிதர். கற்றுக்கொடுத்தவள் சண்முகவடிவு. அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். அதனாலென்ன, கோர்ட் வளாகம் முழுக்க அவளுக்கு வடிவக்கா என்றுதான் பேர். அவரும் அக்கா என்றே கூப்பிட்டார். கூச்சமெல்லாம் முதல் வாரத்தோடு போய்விட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, வந்ததும் வராததுமாக அவர் ஆரம்பித்தார்.

"அக்கா, மனு அடிக்கத் தெரியும். ஸ்டாம்பு ஒட்டத் தெரியும். கேஸ் கட்டைத் தைக்கத் தெரியும். எந்தக் கவுண்டர்ல யாருகிட்ட எப்படிப் பேசணும்னும் தெரிஞ்சுபோச்சு. எட்டு மாசம் ஆச்சு. இன்னும் ஒரு பேப்பரைத் தனியா முடிக்க விடமாட்டேங்கீங்களே. என்னதான் மிச்சம்?"

வடிவு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணைக் காட்டினாள்.

"இவங்க பேப்பரை நீங்களே முடிங்க, அண்ணாச்சி."

அவள் பேர் மாடத்தி. பீடி சுற்றுகிறவள், புருஷனை இழந்தவள். வீடு தன்னுடையது என்று கொழுந்தன் சண்டைக்கு நிற்கிறான். சனி, ஞாயிறு கோர்ட் கிடையாது என்று கணக்குப் பார்த்து, மறுநாள் காலையில் வீட்டை இடிக்க ஜேசிபி வேறு சொல்லிவைத்துவிட்டான், பாவி. அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் அவசர மனு உள்ளே போனால்தான் தடையுத்தரவு கேட்க முடியும். இல்லையென்றால் திங்கட்கிழமை அவள் நிற்பதற்குச் சுவர்கூட இருக்காது.

சவரிமுத்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். போன மாதம் ஒரு விதவைக்குப் போட்ட பிரமாணப் பத்திரம் அதே மாதிரிதான் இருந்தது. அதைத் திறந்தார், பேரை மாற்றினார், கதவு எண்ணை மாற்றினார், நாலு எல்லையையும் மாற்றினார். பதினோரு மணி பத்து நிமிஷத்துக்குப் பேப்பர் சுடச்சுட வந்து விழுந்தது. அடேயப்பா, என்ன வேகம்!

படித்துக்காட்டவும் செய்தார். மடமடவென்று படித்தார். மாடத்தி ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள்.

"எல்லாம் சரிதானம்மா?"

"சரிங்கய்யா."

அவர் மைப்பெட்டியைத் திறந்தார். மாடத்தி பெருவிரலை நீட்டினாள்.

"கொஞ்சம் இருங்க" என்று வடிவு வந்து பேப்பரை வாங்கினாள். அவர் படித்த அதே குரலில் படித்தாள்.

"மேற்படி வீட்டில் நான் இருபது வருடமாகக் குடியிருந்து வருகிறேன்."

மாடத்தி தலையாட்டினாள்.

"எனக்குச் சொந்தமாக இரண்டு யானைகள் உண்டு. அவை மேற்படி வீட்டின் பின்பக்கம் கட்டப்பட்டுள்ளன."

மாடத்தி அதற்கும் தலையாட்டினாள்.

சவரிமுத்துவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பேப்பரைப் பிடுங்கிப் பார்த்தார். யானையுமில்லை, பூனையுமில்லை.

"என்னக்கா விளையாட்டு! மணி பதினொண்ணேகால்!"

வடிவு பேப்பரைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். மாடத்தி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, பேப்பரை விடுங்க. உங்க வீட்டைப் பத்தி நீங்க சொல்லுங்க. காலையில எந்திரிச்சா என்ன செய்வீங்க?"

மாடத்தி முதலில் விழித்தாள். பிறகு பேச்சு வந்தது.

"தண்ணி புடிப்பேன். சோறு பொங்குவேன். மகளை எழுப்பிவிடுவேன், அவ பன்னெண்டாப்பு..."

சவரிமுத்து கவிழ்ந்து கிடந்த பேப்பரைத் திருப்பினார். மூன்றாவது பத்தியில் இருந்தது: எனக்குக் குழந்தைகள் யாரும் இல்லை. போன மாத விதவைக்குக் குழந்தைகள் இல்லை. அந்த வரி அப்படியே வந்துவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் கையில் இது கிடைத்திருந்தால், சத்தியம் பண்ணியே பொய் சொன்னவள் என்று மாடத்தியைக் கிழித்துத் தொங்கப்போட்டிருப்பார். சவரிமுத்துவுக்கு முகம் வியர்த்தது.

"ஏம்மா, நான் படிக்கும்போதே சொல்லக்கூடாதா?"

"நீங்கல்லாம் படிச்சவங்க. ஏதோ ஒரு காரணமாத்தான் எம்பிள்ளைய இல்லேன்னு போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். மனசக் கல்லாக்கிக்கிட்டுத் தலைய ஆட்டினேன்யா."

அவர் பத்தியைத் திருத்தினார். பிறகு மாடத்தி சொல்லச் சொல்ல ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. பதினொன்று ஐம்பத்திரண்டுக்குக் கட்டு கவுண்டருக்குள் போனது.

சாயங்காலம் நாலரைக்குத் தடையுத்தரவு வந்தது. மாடத்தி நகலை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாள் என்று பஸ்ஸுக்கு ஓடினாள்.

சவரிமுத்து வெகுநேரம் மைப்பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, யானைக்கும் தலையாட்டுவாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது? பாவம், எழுதப் படிக்கத் தெரியாதவங்கங்கறதாலயா?"

வடிவு கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"பதினாறு வருசத்துக்கு முன்னாடி நானும் இந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன், அண்ணாச்சி. என் மனுவுல, வீட்டுல உயிரோட இருந்த எங்கம்மா செத்துட்டாங்கன்னு இருந்துச்சு. நான் பிளஸ் டூ பாஸ். நானே படிச்சுப் பாத்தேன். படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டேன்."