கீரி படிக்காத சிவப்பு எழுத்து

புங்கங்காட்டு ஏரிக்கரையில் ஒரு லினக்ஸ் கணினி இருந்தது. ஏரி தளும்பினால் சங்கு ஊதி எச்சரிப்பது அதன் வேலை. அதைப் பார்த்துக்கொண்டவன் சீறன் என்ற கீரி. கரைக்குக் கீழே வளை தோண்டிக் குட்டிகளோடு குடியிருந்த முயல் வெள்ளச்சி, அந்தச் சங்கை நம்பித்தான் கண்மூடுவாள்.

ஐப்பசி மழைக்கு முன் புதிய சங்கு நிரலை நிறுவ உட்கார்ந்தான் சீறன். பாதியில் வேலை நின்றது. திரையில் சிவப்பாக ஏதோ வந்தது.

"ஐயையோ, சிவப்பு!" என்று கண்ணைப் பொத்திக்கொண்டான். நல்ல பாம்புக்கே அஞ்சாதவனுக்கு அந்த எழுத்தைக் கண்டால் பயம்.

ஓடிப்போய்க் கிளி சொக்கியை அழைத்து வந்தான். அவள் டவுனில் கணினிக் கடை வாசலில் கூண்டில் வளர்ந்தவள். அங்கே காதில் விழுந்த கட்டளையெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"சொக்கியக்கா, நிரல் ஏற மாட்டேன் என்கிறது!"

"பூட்டுக் கோப்பை அழி!"

"எந்தப் பூட்டு அக்கா?"

"அதெல்லாம் கேட்கக் கூடாது! அழி!"

அழித்தான். மறுபடியும் சிவப்பு.

"பழையதை வேரோடு பிடுங்கு!"

'பழைய சங்கு நிரல் நீக்கப்படும். சம்மதமா?' என்று கணினி மரியாதையாகத்தான் கேட்டது.

"ஆம் என்று தட்டு! எது கேட்டாலும் ஆம்தான்!"

தட்டினான். பழையது போய்விட்டது. புதியதோ இன்னும் ஏறவில்லை.

அந்த நேரம் பார்த்து வானம் இடித்தது. "ஐயோ, என் இறகு நனையுமே!" என்று சொக்கி பறந்துவிட்டாள்.

கேட்க ஆளில்லாமல் போன பிறகுதான் சீறன் திரையைப் படித்தான். 'வன்வட்டில் இடமில்லை. வேண்டாத கோப்புகளை நீக்கவும்.' இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை வேறொன்றுமில்லை. பாம்புகளோடு தான் போட்ட சண்டைகளை அவனே எடுத்துச் சேர்த்த வீடியோக்கள்!

ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, எல்லாவற்றையும் அழித்தான். நிறுவல் ஓடத் தொடங்கியது. ஆனால் அதற்குள் வெளியே கொட்டிய மழையில் ஏரி கரையைத் தாண்டிவிட்டது.

பதறிப்போய் மழையில் ஓடினான். "வெள்ளச்சி! குட்டிகளைத் தூக்கு! தண்ணீர்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். இரண்டு குட்டிகளை அவனே வாயில் கவ்வி மேட்டில் சேர்த்தான். எல்லோரும் பிழைத்தார்கள். வளைதான் தண்ணீரில் போயிற்று.

நனைந்த காதுகளோடு வெள்ளச்சி கேட்டாள்: "சங்கு ஏன் ஊதவில்லை அண்ணே? கணினி ஒன்றும் சொல்லவில்லையா?"

"சொன்னது" என்று தலைகுனிந்தான் சீறன். "இடமில்லை என்று சொன்னது. நான்தான் படிக்கவில்லை."

"இப்போது எங்களுக்கும் இடமில்லை அண்ணே!"

மேட்டில் இருந்த தன் வளையைச் சீறன் அவளுக்கு விட்டுக்கொடுத்து, மழையில் வெளியே உட்கார்ந்தான்.

பிழை என்னவென்று படிக்காதவனுக்கு ஆயிரம் பேர் யோசனை சொன்னாலும் பிழை தீராது.