அக்கரையில் விட்ட அணில்

வடிவம்மையின் ஆசிரமம் மலையடிவாரத்தில், ஆற்றங்கரையில் இருந்தது. ஆசிரமம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஓட்டு வீடு, ஒரு கொட்டகை, வீட்டை ஒட்டி ஒரு பலாமரம். வருகிறவர்கள் சமைத்துச் சாப்பிட்டு, அம்மையோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள்.

ஆவுடையப்பன் திரும்பிப் போவதற்காக வரவில்லை. டவுனில் பெயின்ட், ஆணி, சிமெண்ட் விற்கிற கடையை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டுப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். வடிவம்மைக்கு அவருடைய கடைசித் தங்கை வயதுதான் இருக்கும். ஆனாலும் "அம்மா" என்றுதான் கூப்பிட்டார்.

வந்த அன்றைக்கே கேட்டுவிட்டார்.

"அம்மா, மனசு ஒரே இடத்துல நிக்கணும். அங்ஙன இங்ஙன ஓடக் கூடாது. அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"மொதல்ல சாப்பிடுங்க அண்ணாச்சி. ரசம் ஆறிடும்."

சாப்பாட்டைப் போட்டுவிட்டு அம்மை அடுப்படிக்குப் போய்விட்டார். சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று ஆவுடையப்பன் மூலை அறையில் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததுதான் தாமதம், தலைக்கு மேலே கீச்சுக் கீச்சென்று ஆரம்பித்தது. சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் ஒரு சந்து. அதில் ஒரு அணில் குடியிருந்தது. அது அவரைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. தலையணையைக் கிழித்துப் பஞ்சைக் கொண்டுபோயிற்று. கொடியில் காய்ந்த வேட்டியிலிருந்து நூலை உருவிற்று. அவர் விரலை அசைத்தால் போதும், ஓடி மறைந்துவிடும். கண்ணை மூடினால் திரும்பவும் வந்துவிடும்.

"அம்மா, இந்தச் சவத்து அணில் என்னை உக்கார விடமாட்டேங்கு."

"அதுக்கு என்ன வேலையோ, பாவம்."

"எனக்கும் வேலை இருக்கும்மா!"

வடிவம்மை சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கடை வைத்திருந்த மனுஷன் சும்மா இருப்பாரா? டவுனிலிருந்து எலிக்கூண்டு ஒன்று வரவழைத்தார். தேங்காய்ச் சில்லைச் சுட்டு மாட்டி வைத்தார். மறுநாள் காலையில் அணில் உள்ளே இருந்தது. மலையில் மழை பெய்து ஆற்றில் இடுப்பளவுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கூண்டைத் தலையில் வைத்துக்கொண்டு, காலை ஊன்றி ஊன்றி அக்கரைக்குப் போய், மாந்தோப்பில் அதைத் திறந்துவிட்டு வந்தார். வந்த கையோடு ஓட்டுக்குக் கீழே அது குடியிருந்த இடுக்கையும் அடைத்தார். ஆயுசெல்லாம் சிமெண்ட் விற்றவர், அன்றைக்குத்தான் முதன்முதலாக அதைத் தன் கையால் குழைத்தார்.

வடிவம்மை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"முடிஞ்சிட்டும்மா. ஒரு அடி அடிக்கல. ஒரு உசுரக் கொல்லல. அக்கரைத் தோப்புல ராஜா மாதிரி இருக்கட்டும்."

"கூண்டுக்குள்ள தேங்காயைத் தின்னுச்சா?"

"இல்லம்மா, அது அப்படியே கெடந்துச்சு. கம்பியைத்தான் கடிச்சுக்கிட்டே வந்துச்சு. மூக்கெல்லாம் கிழிஞ்சிட்டு."

"எந்தப் பக்கத்துக் கம்பியை?"

ஆவுடையப்பன் யோசித்தார்.

"வீட்டுப் பக்கந்தான். கூண்டை எப்படித் திருப்பினாலும் இந்தப் பக்கமே வந்து..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. வடிவம்மை அருவாமனையை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். கொட்டகையிலிருந்து ஏணியைத் தூக்கிவந்து சுவரில் சாத்தினார்.

சிமெண்ட் இன்னும் இறுகவில்லை. ஆவுடையப்பன் ஏறி, கையாலேயே பெயர்த்துப் போட்டார். உள்ளே அவருடைய தலையணைப் பஞ்சு இருந்தது. அவருடைய வேட்டி நூலும் தேங்காய் நாரும் சேர்ந்து வட்டமாக, அத்தனை நேர்த்தியாக ஒரு மெத்தை. அதன் நடுவில் மூன்று குஞ்சுகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன்கூட இல்லை. முடி முளைக்கவில்லை, கண் திறக்கவில்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடின. எறும்பு அதற்குள் வரிசை கட்டியிருந்தது.

ஆவுடையப்பன் எறும்புகளை ஊதித் தள்ளினார்.

"பால் காய்ச்சட்டுமாம்மா? பஞ்சுல நனைச்சு ஊத்தலாம்."

"வேண்டாம், பால் மூச்சுல ஏறிரும் அண்ணாச்சி."

"அப்ப தாயைக் கூட்டிட்டு வாரேன்!"

கூண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். திரும்பவும் ஆற்றில் இறங்கினார். தோப்பில் மரத்துக்கு மரம் அணில். எல்லாவற்றுக்கும் முதுகில் அதே கோடு. ஆணியைத் தொட்டுப் பார்த்தே அளவு சொல்கிறவருக்கு, காலையில் தானே கொண்டுவந்து விட்ட அணில் எது என்று தெரியவில்லை. கூண்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு "வா, வா" என்று எல்லா மரத்தையும் பார்த்துக் கூப்பிட்டார். பிறகு காலிக் கூண்டோடு திரும்பினார்.

"அம்மா, பொழைக்குமா?"

"தெரியாது."

"நான் என்ன செய்யட்டும்?"

"எறும்பு அண்டாமப் பாத்துக்கிட்டு அங்கயே இருங்க."

ஏணி உச்சியில் உட்கார்ந்து, சுவரின் மேல் கையை நீட்டிக் கூட்டுக்கு அணைப்பாக வைத்துக்கொண்டார். வருகிற எறும்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார். சாரல் அடித்தபோது துண்டால் மறைத்தார். கால் மரத்துப்போனது. கீச்சுச் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. ஒரு குஞ்சு அசைவதையே நிறுத்திவிட்டது. கடவுளைக் கூப்பிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் ஓட்டு விளிம்பில் ஏதோ வந்து நின்றது. எலி என்றுதான் முதலில் நினைத்தார். வால் முடியெல்லாம் ஒட்டிப்போய், உடம்பு பாதியாகி, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மூக்கில் கம்பி கிழித்த காயம்.

அதே அணில்தான். அவரே காலை ஊன்றி ஊன்றிக் கடந்த ஆறு. கைக்குள் அடங்குகிற இந்தச் சின்ன உயிர் அதை எப்படிக் கடந்தது?

கூட்டுக்குப் போகிற வழியில் அவர் கை கிடந்தது. எடுக்கலாமா, எடுத்தால் மிரண்டு ஓடிவிடுமா என்று அவர் தவித்துக்கொண்டிருக்கும்போதே அது கையின் மேல் ஏறியது. ஈர நகங்கள் தோலில் பதிந்தன. கூட்டுக்குள் போய் ஒரு குஞ்சைக் கவ்விக்கொண்டு திரும்பவும் கைமேல் வந்து, தோளில் ஏறி, தலையில் கால் வைத்துப் பலாக்கிளைக்குத் தாவியது. உடனே திரும்பி வந்தது. இரண்டாவதையும் அப்படியே கொண்டுபோயிற்று.

மூன்றாவது அசைவற்றுக் கிடந்தது. தாய் அதை நக்கியது. விடாமல் நக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு கால் துடித்தது. ஆவுடையப்பன் உடம்பு ஆடாமல், சத்தம் வராமல் அழுதார். தாய் அதையும் கவ்விக்கொண்டு அவர் தலைமேல் ஏறித் தாவியது.

எல்லாம் போன பிறகும் இன்னொரு தடவை வந்தது. காலிக் கூட்டுக்குள் தலையை விட்டு, பஞ்சு மடிப்புகளை மூக்கால் தள்ளித் தள்ளித் தேடியது. ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் போனது.

ஆவுடையப்பன் இறங்கி வந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டார். வடிவம்மை கீழேயே நின்று பலாமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"அம்மா, என் மேலேயே ஏறி எறங்குச்சு. இந்தக் கையில, தோள்ல, தலையில. பயப்படவே இல்ல. நான் செஞ்சதுக்கு அது என்னை மன்னிச்சிட்டுன்னுதானே அர்த்தம்?"

வடிவம்மை அவர் கையிலிருந்த நகக் கீறல்களைத் தன் முந்தானையால் ஒற்றினார்.

"மன்னிக்கணும்னா, அது மொதல்ல உங்களைப் பாத்திருக்கணுமே அண்ணாச்சி."