பந்தயத்தில் போன பொங்கல்

பொங்கல் விடுமுறை! காட்டின் குட்டிகள் மன்றம் ஆற்றங்கரையில் கூடியது. மான்குட்டி புத்தரிசி கொண்டுவந்தது. முள்ளம்பன்றிக்குட்டி பாசிப்பருப்பு, குரங்குக்குட்டி வெல்லம். அந்த ஆண்டுதான் மன்றத்தில் சேர்ந்த அணில்குட்டி, கன்னம் உப்ப முந்திரிப்பருப்பைச் சுமந்து வந்தது. அதற்கு இதுதான் முதல் பொங்கல். வழியில் ஒன்றைக்கூடக் கடிக்கவில்லை என்றால் பாருங்களேன்!

அடுப்பில் பானை ஏறியது. தண்ணீர் கொதிக்கும்வரை குரங்கு சும்மா இருக்குமா? ஒருபக்கம் வெள்ளையாகத் தேய்த்த புளியங்கொட்டைகளை எடுத்துக் குலுக்கியது.

"சும்மா பொங்கித் தின்னுறதுல என்ன சுவாரசியம்? கொண்டுவந்ததுல ஆளுக்கொரு கைப்பிடி பந்தயம் வைப்போம். யாருக்கு வெள்ளை அதிகமா விழுதோ, அவங்களுக்கே எல்லாம்!"

"விருந்துன்னா எல்லாருக்கும்தானே?" என்று இழுத்தது மான்.

"போ, பயந்தாங்கொள்ளி!" என்றது குரங்கு. அந்த ஒரு சொல் போதாதா? எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

முதலில் காலியானது குரங்கின் வெல்லம்தான். சொந்தச் செலவில் சூனியம்! அடுத்து மானின் அரிசி போயிற்று. அணிலோ முதல் ஆட்டத்தில் வென்றுவிட்டது. அந்த மிதப்பிலேயே ஆடி ஆடி, முந்திரி முழுவதையும் தோற்றது.

"இன்னும் ஒரே ஆட்டம்! நான் சாப்பிட வேண்டிய பொங்கலையே வைக்கிறேன்!" என்றது.

கொட்டைகள் உருண்டன. அணிலுக்கு எல்லாம் கறுப்பு! பாவம், அது வாலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

எல்லாவற்றையும் வென்றது முள்ளம்பன்றி. குதித்துக்கொண்டே போய்ப் பானையில் எல்லாவற்றையும் கொட்டியது. பானை பொங்கி வந்தது.

"பொங்கலோ பொங்கல்!" என்று கத்தியது.

யாரும் கூடச் சேரவில்லை.

"பொங்கலோ... பொங்கல்?" திரும்பி எல்லாரையும் பார்த்தது. "கூடக் கத்துங்களேன்! வழியுது பாருங்க!"

"ஜெயிச்சவன் நீதானே, நீயே கத்து!" என்றது குரங்கு.

முள்ளம்பன்றிக்கு அழுகையே வந்துவிட்டது. "எனக்கு ஒண்ணும் வேணாம்! எல்லாரும் வந்து சாப்பிடுங்க! அணிலு, நீதான் முதல்ல!"

"தோத்தா தோத்ததுதான். எனக்குப் பிச்சை வேணாம்," என்றது அணில், ரோஷமாக.

முள்ளம்பன்றி ஒரு கணம் யோசித்தது. "ஜெயிச்சது என்னோடதுதானே? அப்போ அதை என் இஷ்டப்படி செய்யலாமில்ல? என் இஷ்டம், நீ தின்னணும்!"

அணில் வாலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை!

"பொங்கலோ பொங்கல்!" ஆற்றங்கரையே அதிர்ந்தது.

வயிறு நிறைந்ததும் மறுபடி கொட்டைகளைக் குலுக்கினார்கள். இந்த முறை பந்தயம் வேறு: தோற்றவர் ஒற்றைக்காலில் ஆட வேண்டும்! முதலில் தோற்றது யார் என்கிறீர்கள்? குரங்கேதான்! அது ஆடிய ஆட்டத்தில் எல்லாருக்கும் விலா வலித்தது.

விருந்தில் அதிர்ஷ்டத்தோடு விளையாடலாம், ஆனால் தோழனின் இலையைப் பறிக்கும் விளையாட்டில் வென்றவனுக்கும் விருந்து இல்லை.