சந்தனம் அடைத்த நாழிகை

கேளுங்கள் பிள்ளைகளே. பெரியவர்களும் கேட்கலாம், இதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

முன்னொரு காலத்தில் நெடுமுடியன் என்று ஒரு மன்னன் இருந்தான். அறிவை மிகவும் மதித்தவன். எந்த அளவுக்கு என்றால், யாரும் அதைத் தொட்டுவிடாதபடி பார்த்துக்கொண்டான்.

ஆண்டுதோறும் கணித விழா எடுத்தான். பிள்ளைகள் வரிசையில் நின்று எண்களைப் புகழ்ந்து பாட வேண்டும். உரக்கப் பாடிய பிள்ளைக்குப் பட்டுத்துண்டு கிடைக்கும். கூட்டத் தெரியுமா என்று எந்தப் பிள்ளையையும் யாரும் கேட்டதில்லை.

விழாவில் முதல் மரியாதை அரண்மனை நாழிகை வட்டிலுக்கு. அடியில் ஊசித்துளை உள்ள செப்புக் கிண்ணம் அது. தொட்டியில் மிதக்கவிட்டால், துளை வழியே நீர் ஏறி ஒரு நாழிகையில் மூழ்கும். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை முப்பது முறை மூழ்க வேண்டும். அதை மதகடியில் மிதக்கவிட்டுத்தான் ஏரித் தண்ணீரைப் பங்கிட்டார்கள்: மேலூருக்குப் பத்து, நடுவூருக்குப் பத்து, கடையூருக்குப் பத்து. பொழுது சாய்ந்ததும் மதகை அடைத்துவிடுவார்கள்.

ஒவ்வொரு விழாவிலும் அந்த வட்டிலுக்குச் சந்தனம் அப்பினார்கள், குங்குமம் வைத்தார்கள், மாலை போட்டார்கள். கழுவ மட்டும் இல்லை. கழுவினால் தெய்வக் குற்றமாம்.

கடையூரில் வேம்பி என்றொரு சிறுமி. அவள் அப்பா சாத்தனுடைய வயல்தான் வாய்க்காலின் கடைசி வயல். விழா தொடங்கிய முதலாண்டு எட்டு வட்டில் தண்ணீர் வந்தது. மறு ஆண்டு ஐந்து. மூன்றாம் ஆண்டு, மூன்றாவது வட்டில் மிதக்கும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. முழங்கால் உயரப் பயிர் வெளுத்து நின்றது. இன்னும் பத்து நாள் இப்படிப் போனால் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று சாத்தன் சொல்லிவிட்டான்.

ஊரார் அரண்மனையில் முறையிட்டார்கள். தலைமைக் கணிதப் புலவர் விடங்கர் மூன்று நாள் ஏடு புரட்டினார். வட்டில் தவறாது, ஆகவே சூரியன்தான் சீக்கிரம் மறைகிறது, அதற்குக் காரணம் கடையூரார் செய்த பாவம் என்று கண்டுபிடித்தார்.

மேலூரார் இதை நுட்பமான விளக்கம் என்று மெச்சினார்கள். அவர்கள் வயலில் தண்ணீர் வரப்பைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. கடையூராரோ, வெட்கக்கேடு, பாவம் செய்தது யார் என்று ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

வேம்பிக்கு மனம் ஒப்பவில்லை. பாவம் செய்தது கடையூர் என்றால், மேலூரில் ஏன் சூரியன் சேர்ந்து மறைகிறது? அவள் ஒரு கொட்டாங்கச்சியில் ஆணியால் துளையிட்டுத் தொட்டியில் மிதக்கவிட்டாள். அது மடமடவென்று மூழ்கியது. இரண்டாவது மூழ்கவே இல்லை. பதினேழாவது, பகலுக்குச் சரியாக முப்பது முறை மூழ்கியது. மறுநாளும் முப்பது, அதற்கு மறுநாளும் முப்பது. சூரியன் ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு துளையில் கொஞ்சம் சேற்றை அப்பிப் பார்த்தாள். எண்ணிக்கை இருபதாகக் குறைந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது.

விழாவில் அவள் முறை வந்தது. தனக்குப் பாட்டு வராது என்றும், வட்டிலைக் கழுவிப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள். சபை சிரித்தது.

"கழுவுவதற்கு இதென்ன உங்கள் வீட்டுக் கஞ்சிச்சட்டியா, பெண்ணே?" என்றார் விடங்கர்.

"எங்கள் கஞ்சிச்சட்டியைத் தினமும் கழுவுகிறோம் ஐயா. அதனால்தான் கேட்கிறேன்."

மன்னனுக்கு வேடிக்கை பார்க்க ஆசை. கழுவிய பிறகும் வட்டில் முன்போலவே மூழ்கினால், சாத்தனுடைய வயல் மேலூராருக்குப் போய்விடும் என்று விதித்தான்.

வேம்பி தன் கொட்டாங்கச்சியையும் வட்டிலையும் ஒன்றாக மிதக்கவிட்டாள். கொட்டாங்கச்சி மூழ்கியது, வட்டில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் கழுவி, துளையை ஆணியால் சுரண்டினாள். மூன்று ஆண்டுச் சந்தனம் பொருக்காக உதிர்ந்தது. மறுபடி இரண்டையும் மிதக்கவிட்டாள். இரண்டும் சேர்ந்தே மூழ்கின.

விடங்கர் சளைக்கவில்லை. கடையூராரின் பாவம் இந்த நொடியில் தீர்ந்தது என்று அறிவித்தார். மன்னனுக்கும் மூச்சு வந்தது. சிறுமிக்குப் பட்டுத்துண்டு போர்த்தி, கணிதக் கொழுந்து என்று பட்டம் கொடுத்து, வட்டிலுக்கு உடனே புதுச் சந்தனம் பூசச் சொன்னான்.

"பட்டு வயலுக்குப் பாயாது, மன்னா" என்று சொல்லிவிட்டு வேம்பி ஊருக்கு நடந்தாள்.

அன்றே ஊர்ப் பிள்ளைகளுக்குத் துளையிடக் கற்றுக்கொடுத்தாள். மறுநாள் விடியும்போது மதகடியில் நாற்பது பிள்ளைகள், நாற்பது கொட்டாங்கச்சிகள். இருபதாவது முறை மூழ்கியதும் நாற்பது குரல்களும் ஒன்றாக இருபது என்றன. மதகுக் காவலன் அரண்மனை வட்டிலைக் காட்டி இன்னும் நேரம் இருக்கிறது என்றான். பாவத்தைத் தேடித் திரிந்த கடையூரார் இப்போது மண்வெட்டியோடு பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றார்கள். காவலன் அவர்களைப் பார்த்தான். மதகைத் திருப்பினான்.

பொழுது சாய்வதற்குள் சாத்தனுடைய கடைசி வயல் நிறைந்தது.

பிள்ளைகள் அறிவில் வளர வேண்டுமானால், அறிவைப் புகழ்ந்து பாடச் சொல்லாமல், கருவியை அவர்கள் கையில் கொடுத்து, அவர்கள் சோதித்துச் சொல்வதைக் கேட்க வேண்டும்.